கரை மாறிய சௌனா

ஐரோப்பாக் கண்டத்தில் பல்கலைக்கழகம் என்று ஒன்று தோன்றி எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷம் இருக்கும். அத்தனை வருஷத்தில், மதிப்பெண் போட வந்தவர்களைத் துண்டோடு அடுத்த ஊருக்கு மிதக்கவிட்டு, அதற்காகவே பட்டம் வாங்கியவள் இல்மி கெட்டுனென் ஒருத்திதான். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பின்லாந்தின் ரந்தலா ஊரிலும் முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு ஒவ்வொருவராக நம்பி, கடைசியில் நம்பாதவர் என்று ஒரே ஒருவர் மிஞ்சினார். பட்டத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான்.

இல்மி படித்தது பொழுதுபோக்கு, விளையாட்டு, சுற்றுலா மேலாண்மை. நான்கு வருஷப் படிப்பை ஆறாவது வருஷமாகப் படித்துக்கொண்டிருந்தாள். மர ஆலையில் வேலை பார்த்த அவளுடைய மாமா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பன்றித் தொடையை வெட்டிக்கொண்டே ஒரே கேள்வியைக் கேட்பார்: "வெளையாடறதுக்கும் ஊர் சுத்தறதுக்கும் பட்டம் தர்றாங்கன்னா, தூங்கறதுக்கு எப்பம்மா தருவாங்க? நான் நேரா டாக்டர் பட்டமே வாங்கிடுவேன்."

அவருக்கு என்ன தெரியும். பனிச்சறுக்கு மலைமேல் ஏற்றிவிடும் கம்பி நாற்காலிக்கு வரிசையில் நிற்கும் மனிதனின் பொறுமை எத்தனையாவது நிமிஷத்தில் செத்துப்போகும் என்று வரைபடம் போட வேண்டும். நீச்சல்குளத்தில் குழந்தைகள் எத்தனை, தண்ணீர் எத்தனை, இரண்டும் கலந்தது எத்தனை என்று சதவீதம் சொல்ல வேண்டும். இல்மி அதையெல்லாம் தாண்டிவிட்டாள். அவள் தாண்டாதது கடைசிச் செயல்திட்டம். ஒரு நிகழ்ச்சியைச் சொந்தமாக வடிவமைத்து, நிஜமான ஆட்களை வரவழைத்து, நிஜமாக நடத்திக் காட்ட வேண்டும்.

முதல் தடவை பனி ஏரியில் துளையிட்டு மீன்பிடிக்கும் போட்டி வைத்தாள். போட்டிக்கு மூன்று நாள் முன்பு ஏரி உருகிவிட்டது. எழுபது பேர் துளைபோடும் கருவியைத் தோளில் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் தண்ணீரை மரியாதையாகப் பார்த்துவிட்டு, சூப்பைக் குடித்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் தடவை காட்டு ஓட்டப் பந்தயம். வழிகாட்டும் அம்புப் பலகையில் ஒரு காட்டுக்கடமான் முதுகைச் சொறிந்ததில் அம்பு வடக்கே திரும்பிக்கொண்டது. கடைசியாக ஓடியவர் இப்போது நார்வே எல்லைக்கு அருகில் இருப்பதாகக் கேள்வி.

மூன்றாம் தடவையும் தவறினால் படிப்பே இல்லை. அதைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. ரந்தலா ஊராட்சி அவளை ஏரிக்கரைப் பொழுதுபோக்கு அலுவலராக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. ஜூன் பதினேழு, வெள்ளிக்கிழமைக்குள் 'தேர்ச்சி' என்று எழுதிய தாள் வந்து சேர வேண்டும். வராவிட்டால் அந்த நாற்காலி வேறு ஒருவருக்கு. இல்மி மறுபடியும் ஹெல்சிங்கி ஹோட்டலில் படுக்கை விரிப்பு மாற்றப் போக வேண்டும். ஐந்து கோடைகளில் அவள் மாற்றிய விரிப்புகளைத் தைத்தால் பின்லாந்து முழுவதையும் போர்த்தி, மிச்சத்தை எஸ்டோனியாவின் காலடியில் மடித்துச் செருகலாம்.

ஆகவே இந்த முறை உருகாத, கடமான் சொறிய முடியாத ஒன்றை யோசித்தாள். தெப்பம். தெப்பத்தின் மேல் ஒரு மரச் சௌனா. எட்டுப் பேர் உட்கார்ந்து நீராவியில் வேகலாம், கதவைத் திறந்து நேரே ஏரியில் குதிக்கலாம். ஜூன் இரண்டாம் சனிக்கிழமை, ரந்தலா படகுத்துறை. இரவு எட்டு மணிக்குள் நாற்பது பேர் குளித்துத் தங்கள் கையாலேயே பெயர் எழுதியிருக்க வேண்டும். பாதுகாப்புத் திட்டம் வரிக்கு வரி நடந்திருக்க வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை.

மதிப்பிட வந்தவர்கள் மூன்று பேர். தூலிக்கி ராஸ்க், தம்பெரேவில் ஹோட்டல் நடத்தும் அம்மாள், வெளித் தேர்வாளர். மர்கெத்தா, துறையிலேயே விளையாட்டுப் பாடம் எடுப்பவர், ஒருகாலத்தில் ஈட்டி எறிந்தவர். மூன்றாவது ஆள் துறைத் தலைவர் ரவுனோ வெப்ஸா. கடைசிக் கையெழுத்து அவருடையது. இடர் மேலாண்மை அவருடைய பாடம். வீட்டில் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் நாற்காலிக்கு ஆய்வுப் படிவம் நிரப்புவார் என்று மாணவர்கள் பேசிக்கொள்வார்கள். இளவயதில் கடற்படையில் பதினோரு மாதம் இருந்தவர். அந்தப் பதினோரு மாதத்தை நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்தே மழை. மழை என்றால் சாதாரண மழை இல்லை. ஏரியில் இருந்த மீன்களே நனையாமல் இருக்கப் படகுகளுக்கு அடியில் ஒதுங்கின. மத்தியானம் இரண்டு மணிக்கு இல்மியின் பட்டியலில் பதினொரு பெயர்தான் இருந்தது. அதில் ஒன்று மாமா.

ரவுனோ படகுத்துறைக்கு வந்தார், தெப்பத்தைக் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தார், உச்சுக்கொட்டினார். இல்மி போட்டிருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டுத் தன்னுடைய முடிச்சைப் போட்டார்.

"இது கடற்படை முடிச்சு. கப்பலையே நிறுத்தி வச்சிருக்கேன்," என்றார்.

அந்தக் கயிறு புதிது, வழவழப்பான பிளாஸ்டிக் கயிறு. அதில் சாதாரண முடிச்சு நிற்காது, இரண்டு சுற்றுக் கூடுதலாகப் போட்டுப் பூட்ட வேண்டும் என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்திருந்தார். இல்மிக்கு அது நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. ஆனால் கையெழுத்துப் போடுபவரின் முடிச்சில் குற்றம் சொல்வதா? கேட்டால் சொல்லலாம் என்று நின்றாள். அவர் கேட்கவில்லை. படிவத்தில் 'கயிறு: சரி' என்று குறித்துவிட்டு மூன்று மணி ரயிலுக்குப் போய்விட்டார்.

தூலிக்கியும் மர்கெத்தாவும் நீச்சலுடையில், ஆளுக்கு ஒரு துண்டும், நீராவியில் உடம்பைத் தட்டிக்கொள்ளும் பிர்ச் மர இலைக் கட்டுமாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இல்மி கரையில் கூடாரத்துக்குள் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு, வராத இருபத்தொன்பது பேருக்காக ஆறிப்போன காபியோடு காத்திருந்தாள்.

நாலரை மணிக்கு வெளியே வந்து பார்த்தால் படகுத்துறை வெறுமையாக இருந்தது. தெப்பம் இல்லை. துறையின் முனையில் எய்னோ கிழவர் மட்டும் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

இல்மி அவரிடம் ஓடினாள். "எய்னோ, இங்க இருந்த தெப்பம் எங்க?"

"போயிடுச்சு."

"எப்ப?"

"முக்கால் மணி நேரம் இருக்கும்."

"பாத்துக்கிட்டா இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

எய்னோ தூண்டிலைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். "நீ கேக்கலையேம்மா," என்றார்.

இல்மி எய்னோவின் துடுப்புப் படகில் குதித்து வலித்தாள். எதிர்க்கரை ஹொங்கலா. நேர்க்கோட்டில் மூன்று கிலோமீட்டர், வேறு ஊராட்சி. மேற்குக் காற்று அவளையும் அதே பக்கம் தள்ளியது. அன்று அவள் துடுப்புப் போட்ட வேகத்தில் ஏரி ஒரு பக்கம் சாய்ந்து ரந்தலாக் கரையில் தண்ணீர் ஒரு முழம் இறங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். வழியெல்லாம் அவள் மனதுக்குள் ஓடியது ஒரே படம்தான்: கவிழ்ந்த தெப்பம், மிதக்கும் இரண்டு துண்டுகள், ஹெல்சிங்கி, படுக்கை விரிப்பு.

தெப்பத்துக்குள் என்ன நடந்தது என்பதைப் பிற்பாடுதான் அவள் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டாள். கரை விலகிப் போவதை ஜன்னல் வழியாக முதலில் பார்த்தவர் தூலிக்கி. நிகழ்ச்சியில் இதுவும் ஒரு அம்சம் போலிருக்கிறது, நல்ல யோசனை என்று மெச்சிக்கொண்டார். மர்கெத்தாவும் பார்த்தார். சொன்னால் தூலிக்கியின் நீராவி கெட்டுப்போகும் என்று வாயை மூடிக்கொண்டார். சௌனாவில் உட்கார்ந்திருப்பவரிடம் அற்ப விஷயங்களைப் பேசக் கூடாது என்பது இருவருக்கும் தொட்டில் பாடம். இப்படியாக இருவரும் முக்கால் மணி நேரம், தெப்பத் திருவிழாவில் சாமி போகிற பவிசில், ஒரு வார்த்தை பேசாமல் ஏரியைக் கடந்தார்கள்.

முதலில் வாயைத் திறந்தது மர்கெத்தா. "இது ஹொங்கலா மாதிரி இருக்கு."

"மாதிரி என்ன, ஹொங்கலாவேதான்," என்று தூலிக்கி இன்னொரு அகப்பைத் தண்ணீரை அடுப்பின் சூடான கல்லின் மேல் ஊற்றினார்.

ஹொங்கலாக் கரையில் ஒரு நடனக் கொட்டகை. கோடையில் சனிக்கிழமைதோறும் அக்கார்டியன் வைத்து டாங்கோ ஆடுவார்கள். ஆடுவதற்கு முன்னால் கொட்டகையின் சொந்தச் சௌனாவில் குளிப்பார்கள். அந்தச் சௌனாவின் அடுப்பு புதன்கிழமை விரிசல் விட்டுவிட்டது. சனிக்கிழமையன்று சௌனா இல்லை என்றால் அந்த ஊரில் அது துக்கம். கொட்டகைக் கொடியை அரைக் கம்பத்துக்கு இறக்கலாமா என்றுகூட யோசித்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் மழை மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு, புகைபோக்கியில் பிர்ச் விறகுப் புகையோடு, காய்ச்சித் தயாராக ஒரு சௌனா தானாகவே மிதந்து வந்து கரையில் முட்டி நின்றது. அக்கார்டியன்காரர் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

இல்மி மூச்சிரைக்கப் படகை இழுத்துப் போட்டபோது கரையில் ஒரு வரிசை நின்றது. நடன உடைக்கு மேல் துண்டு போட்டவர்கள், மழைக்கோட்டுக்குள் நீச்சலுடை போட்டவர்கள். தூலிக்கியும் மர்கெத்தாவும் இரவல் மேலங்கியில் கொட்டகைப் பெஞ்சில் உட்கார்ந்து, கடுகுச் சாந்து தடவிய சாசேஜைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் முழுசாக, உயிரோடு, கன்னம் சிவந்து இருந்தார்கள். இல்மி நேரே தெப்பத்தை நோக்கி நடந்தாள்.

கொட்டகையை நடத்தும் உர்ஹோ அவள் தோளைத் தட்டினார். "ஏம்மா, வரிசைல நில்லு. உனக்கு முன்னாடி இருவத்தாறு பேர் இருக்காங்க."

"இது என் சௌனா," என்றாள் இல்மி.

உர்ஹோ கொஞ்சம் யோசித்தார். "அப்பச் சரி, இருவத்தஞ்சு பேர்."

இல்மி பட்டியலைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவினாள். தெப்பத்தைத் தன் முடிச்சால் கட்டினாள், உயிர்காப்பு அங்கிகளை எண்ணினாள், எட்டு எட்டுப் பேராக உள்ளே அனுப்பினாள். ஏழே முக்காலுக்கு ஹொங்கலாக்காரர்கள் மட்டும் நாற்பத்தேழு பேர் பெயர் எழுதியிருந்தார்கள். ரந்தலாவின் பதினொன்றைச் சேர்க்கவே தேவையில்லை. தூலிக்கி மழைக்கோட்டோடு இரண்டு டாங்கோ ஆடிவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினார். மறுநாள் உர்ஹோவின் மோட்டார் படகு தெப்பத்தை ரந்தலாவுக்கு இழுத்து வந்தது.

செவ்வாய்க்கிழமை ரவுனோ அவளை அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் பட்டியலும் தேர்வாளர்களின் அறிக்கைகளும் இருந்தன. தூலிக்கி எழுதியிருந்தது மூன்றே வரி: நீராவி நன்று. வரவேற்பு நன்று. காட்சி மாறிக்கொண்டே இருந்தது. மர்கெத்தா அதற்குக் கீழே 'மேற்படி' என்று எழுதியிருந்தார்.

தெப்பம் நகர்ந்ததா இல்லையா என்று ரவுனோ தம்பெரேவுக்குத் தொலைபேசியில் கேட்டார். சௌனாவுக்குள் நடந்ததை வெளியே சொல்லும் பழக்கம் தனக்கு இல்லை என்று தூலிக்கி பதில் சொல்லி வைத்துவிட்டார். மர்கெத்தாவும் அதே. ஊரே சாட்சி சொல்லத் தயார்தான். ஆனால் ஊர் சொல்வது ரவுனோவின் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் அடங்காது.

அவர் தாளைத் தட்டினார். ஒன்று, நீ பட்டியலை எடுத்துக்கொண்டு காரில் ஏரியைச் சுற்றிப் போய்க் கையெழுத்து வாங்கினாய், அது மோசடி. இல்லையென்றால் ஆள் சேர்க்க நீயே கயிற்றை அவிழ்த்துவிட்டாய். அது பாதுகாப்பு மீறல். எதுவானாலும் தேர்ச்சி இல்லை என்றார்.

"மூணாவதா ஒண்ணு இருக்கு, ரவுனோ," என்றாள் இல்மி.

"என்ன?"

"முடிச்சு தானா அவுந்திருக்கலாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். "நடந்திருக்கவே முடியாதது அது ஒண்ணுதான்."

ஆனால் அவர் அநியாயக்காரர் இல்லை. சோதித்துப் பார்க்காமல் எதையும் மறுப்பது அவருடைய பாடத்துக்கே விரோதம். வியாழக்கிழமை அதே துறை, அதே கயிறு, அதே முடிச்சு, அதே சூடு. தானே உள்ளே ஒரு மணி நேரம் உட்காருவதாகச் சொன்னார். தெப்பம் நின்ற இடத்தில் நின்றால் வெள்ளிக்கிழமை காலை 'தவறினார்' என்று எழுதுவார். இல்மி அந்த இரண்டு நாளும் அந்தக் கயிற்றையே நினைத்துக்கொண்டிருந்தாள். கயிறு அன்றைக்கென்று பார்த்துப் பிடித்துக்கொண்டால்?

வியாழக்கிழமை மத்தியானம் ரவுனோ வந்தார். கயிற்றை ஏரித் தண்ணீரில் நனைத்து, முடிச்சைப் போட்டு, காலை ஊன்றி இழுத்துப் பார்த்தார். உடுப்பை மடித்துத் துறைப் பெஞ்சில் வைத்தார். நீச்சல் உடை, அதன்மேல் ஒன்றுக்கு இரண்டாக உயிர்காப்பு அங்கி, கையில் படிவமும் பேனாவும்.

"ஒரு மணி நேரம் யாரும் எங்கிட்டப் பேசக் கூடாது. பேசினா சோதனை செல்லாது," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இல்மி துறையில் குந்தி உட்கார்ந்து முடிச்சையே பார்த்தாள். பத்து நிமிஷம் அது அசையவில்லை. பதினைந்து நிமிஷம். காற்று எழுந்தது. தெப்பம் லேசாக இழுத்தது, விட்டது, இழுத்தது. கயிற்றின் நுனி ஒரு விரற்கடை உள்ளே போனது. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். இன்னொரு விரற்கடை. பிறகு கயிறு, சட்டையைக் கழற்றிப் போடுகிற பாம்பு மாதிரி நிதானமாக முடிச்சிலிருந்து உருவிக்கொண்டு தண்ணீரில் நழுவியது.

கத்தலாமா? கத்தினால் சோதனை செல்லாது. விடலாமா? விட்டால் மனிதர் ஏரியில் தனியாக. அவள் எழுதிய பாதுகாப்புத் திட்டத்தின் பதினாலாம் பக்கம் அவளுக்கு மனப்பாடம்: மிதவை நகர்ந்தால் உள்ளிருப்பவரைப் பதற்றப்படுத்தாமல், படகில் ஐம்பது மீட்டர் இடைவெளியில் பின்தொடர வேண்டும். உயிர்காப்பு வளையத்தை எடுத்துக்கொண்டு படகில் ஏறினாள். எய்னோ தூண்டிலைச் சுருட்டிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டார்.

"இன்னிக்கி மீன் கடிக்காது. அதுங்களும் இதத்தான் பாத்துக்கிட்டிருக்கும்," என்றார்.

முக்கால் மணி நேரம் ஏரியில் ஒரு சத்தமும் இல்லை. முன்னால் புகைவிட்டுக்கொண்டு சௌனா, பின்னால் படகு. ஒருமுறை ஜன்னலில் ரவுனோவின் முகம் தெரிந்தது. வெளியே பார்த்தது, நெடுநேரம் பார்த்தது, மறைந்தது. மறுபடியும் கல்லில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

வியாழக்கிழமைகளில் ஹொங்கலாக் கொட்டகையில் ஓய்வூதியக்காரர்களின் ஆட்டம். அடுப்பு இன்னும் சரியாகவில்லை. தூரத்தில் புகையைப் பார்த்ததுமே இருபத்து மூன்று பேர் துண்டோடு வரிசையில் நின்றுவிட்டார்கள். தெப்பம் கரையில் முட்டியது. கதவு திறந்தது. வேகவைத்த நண்டு நிறத்தில், இரண்டு உயிர்காப்பு அங்கியோடு துறைத் தலைவர் வாசலில் நின்றார்.

உர்ஹோ மரியாதையாகத் தொப்பியைத் தொட்டார். "வாங்க. உள்ள இன்னும் எத்தன பேர்?"

ரவுனோ தெப்பத்தின் விளிம்புக்கு வந்தார். கொட்டகையைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். தெப்பத்திலிருந்து தண்ணீரில் நீண்டு கிடந்த கயிற்றைக் கையால் பிடித்து முழுசாக இழுத்தார். நுனி வந்தது. அதில் வெட்டு இல்லை, கிழிசல் இல்லை, முடிச்சும் இல்லை.

இல்மியின் படகு பக்கத்தில் வந்து நின்றது. அவள் வளையத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்பலேர்ந்து பின்னாடி வர்றே?" என்று கேட்டார்.

"அவுந்த நிமிஷத்துலேர்ந்து. அம்பது மீட்டர் தள்ளி."

"பக்கம் பதினாலு," என்றார் அவர்.

"ஆமா."

அவர் தெப்பத்தின் விளிம்பில் உட்கார்ந்து, காலை ஏரியில் விட்டுக்கொண்டு, ஈரமான படிவத்தை முட்டியில் வைத்து எழுதினார். பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது. மடித்து நீட்டினார். இல்மி பிரித்துப் பார்த்தாள். 'பாதுகாப்புத் திட்டம்: இருமுறை நடைமுறையில் நிரூபணம். தேர்ச்சி.' கீழே கையெழுத்து. அவளுக்குத் தோளிலிருந்து அந்த ஐந்து கோடை விரிப்புகளும் ஒன்றன் பின் ஒன்றாக வழுக்கி ஏரிக்குள் விழுந்தன. படகின் பலகையில் அப்படியே மல்லாந்து படுத்துவிட்டாள். எய்னோ அவள் முகத்தில் வெயில் படாமல் தன் தொப்பியை வைத்தார்.

வரிசையில் முதலில் நின்ற பாட்டையா ஒருவருக்குக் காது கொஞ்சம் மந்தம். சனிக்கிழமை சௌனா தானாக வந்தது என்று ஊரில் சொல்வது நிஜந்தானா, இல்லை இவர்கள் கட்டிவிட்ட கதையா என்று ரவுனோவிடமே சத்தமாகக் கேட்டார்.

ரவுனோ வெப்ஸா ஒரு அங்கியைக் கழற்றினார். பிறகு இன்னொன்றையும் கழற்றினார்.

"நடந்துச்சுங்க," என்றார். "முடிச்சுப் போட்டது நான்தான்."